பெட்டியை எண்ணுவோரும் பெட்டியைத் திறப்போரும்



நம் தமிழ்ப்பள்ளிகளில் விழா எதுவாயினும், மேடையேறும் சிறப்பு விருந்தினர் ஒரு கணக்கைச் சொல்லாமல் இறங்குவதில்லை. இப்பள்ளிக்கு இத்தனை கணினிகள் வழங்கப்பட்டன. இத்தனை தொடுதிரைப் பலகைகள் பொருத்தப்பட்டன. இத்தனை படவீழ்த்திகள் வாங்கப்பட்டன. உடனே கைதட்டல் எழுகிறது, படம் எடுக்கப்படுகிறது, மறுநாள் நாளேட்டில் செய்தி வருகிறது. அக்கருவிகளை எத்தனை பிள்ளைகள், வாரத்திற்கு எத்தனை மணிநேரம், எதனைக் கற்பதற்காகத் தொட்டார்கள் என்னும் கணக்கை மட்டும் எவரும் சொல்வதில்லை. வருந்தத்தக்கது என்னவெனில், நாமும் கேட்பதில்லை!

இந்தக் கைதட்டலுக்கு எதிராகவே இதனை எழுதுகிறேன். சிலருக்குச் சினம் வரலாம். வரட்டும். பிள்ளைகளின் அறிவு தொடர்பான செய்தியில் முகத்தாட்சணியம் பார்ப்பது ஆசிரியனுக்கு அழகன்று.

பெட்டிகளின் எண்ணிக்கையைக் கொண்டு முன்னேற்றத்தை அளக்கும் பழக்கம் நம்மிடம் பிறந்ததன்று. அதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அப்பழக்கத்தை ஓர் அரசியல் கோட்பாடாகவே ஏற்று, கோடிக்கணக்கான மக்களின் வீட்டு வானொலியையும் தொலைக்காட்சியையும் அதன்படியே செய்து பார்த்த நாடுகள் உண்டு. அவை கண்ட பட்டறிவை நாம் படிக்க வேண்டும். அந்நாடுகளைப் பார்த்துச் சிரிப்பதற்காக அன்று. அவர்கள் செய்த தவற்றை நாம் இன்று நம் பள்ளிகளில் செய்துகொண்டிருக்கிறோம் என்பதற்காக.

எடைக்கு எடை விளக்கு

திட்டமிட்ட சமவுடைமைப் பொருளியல் என்பது என்ன? எந்தப் பொருளை, எந்தத் தொழிற்சாலை, எத்தனை செய்ய வேண்டும் என்பதைச் சந்தை முடிவு செய்யாது. தலைநகரில் அமர்ந்திருக்கும் திட்டக்குழு முடிவு செய்யும். தொழிற்சாலை அந்த இலக்கை எட்டினால் மேலாளருக்குப் பாராட்டும் ஊக்கத்தொகையும் கிடைக்கும், எட்டாவிட்டால் தண்டனை.

கேட்பதற்கு நேர்மையாகத்தான் தோன்றுகிறது. ஆயினும் இலக்கை எதனால் அளப்பது? எண்ணிக்கையால் அளந்தால் எண்ணிக்கை பெருகும். எடையால் அளந்தால் எடை பெருகும். சோவியத் ஒன்றியத்தில் அலங்காரத் தொங்குவிளக்குகளின் உற்பத்தி எடைக்கணக்கில் மதிப்பிடப்பட்டதால், தொழிற்சாலைகள் மேன்மேலும் கனமான விளக்குகளைச் செய்தன. வீட்டுக் கூரை தாங்குமா என்பது எவருடைய இலக்கிலும் இல்லை. இதனை 1959ஆம் ஆண்டில் நொந்துகொண்டவர் வேறு யாருமல்லர். அந்நாட்டின் தலைவர் குருசேவ்!

இன்னொரு கதை. மாதத் தொடக்கத்தில் உதிரிக் கூறுகள் வந்து சேரா; வேலை மந்தமாக நடக்கும். மாதக் கடைசி நெருங்கியதும் இலக்கை எட்டுவதற்காக இரவும் பகலும் அடித்துப் பிடித்து வேலை நடக்கும். அதனால் அங்குள்ள மக்கள் ஒரு பொருளை வாங்குமுன் அதன் சான்றிதழில் உற்பத்தி நாளைப் பார்ப்பார்கள். மாதக் கடைசியில் செய்த பொருளாயின் வாங்கத் தயங்குவார்கள். வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் வீட்டுக் கூடத்தில் தீப்பற்றி எரிந்தன. 1980களில் சோவியத் செய்தியேடுகளே அதைப் பற்றி எழுதின. திட்டக்குழுவின் ஏட்டில் எரிந்த பெட்டியும் ஒரு பெட்டிதான்; எரியாத பெட்டியும் ஒரு பெட்டிதான்.

சப்பானில் வி.எச்.எஸ். ஒளிப்பேழைக் கருவி 1976இல் விற்பனைக்கு வந்தது. சோவியத்தின் முதல் பரவலான ஒளிப்பேழைக் கருவியான 'எலக்ட்ரோனிகா விஎம்-12' வந்தது 1984இல். அதுவும் ஒரு சப்பானியக் கருவியைப் பார்த்துச் செய்தது. ஓநாய் முட்டை பிடிக்கும் அந்தப் புகழ்பெற்ற கையடக்க விளையாட்டுக் கருவியும் நிண்டெண்டோ 1981இல் வெளியிட்டதன் படியே.

கிழக்கு செருமனியில் நடந்தது இன்னும் படிப்பினை மிக்கது. 1988ஆம் ஆண்டு செப்டம்பரில், நாட்டின் முதல் ஒரு மெகாபிட் நினைவுச் சில்லு என்று சொல்லி அதன் மாதிரியை அரசுத் தலைவர் ஒனேக்கரிடம் பெரும் விழா எடுத்துக் கையளித்தார்கள். கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள். பெருமளவு உற்பத்தி என்னும் நிலையை அது எட்டுமுன்பே, 1989 நவம்பரில் பெர்லின் சுவர் திறந்துவிட்டது. விழா நடந்தது, வீடுகளுக்குச் சில்லு வந்து சேரவில்லை. எங்கேயோ பார்த்ததுபோல் தோன்றவில்லையா?

இத்தகைய பொருளியலில் பற்றாக்குறை என்பது தற்செயலாக வருவதன்று, அந்த அமைப்பே அதனை ஈன்றெடுக்கிறது என்று அங்கேரியப் பொருளியல் அறிஞர் யானோசு கோர்னாய் 1980இல் ஒரு நூலாகவே எழுதினார். வாங்குபவன் அமைதியாக வரிசையில் நிற்கும்வரை, விற்பவன் தன்னைத் திருத்திக்கொள்ளத் தேவையில்லை. இவ்வரியை நினைவில் வையுங்கள், பின்னர் தேவைப்படும்.

நம் தொப்புள்கொடி நாட்டில்

இந்தியா முழுச் சமவுடைமை நாடாக இருந்ததில்லை. ஆனாலும் ஐந்தாண்டுத் திட்டங்களும், 1951ஆம் ஆண்டின் தொழில்கள் சட்டம் வகுத்த உரிம முறையும் சேர்ந்து, எவர் எதனை எவ்வளவு செய்யலாம் என்பதை அரசே வரையறுத்தது. உரிமம் பெற்ற அளவுக்கு மேல் உற்பத்தி செய்தாலும் குற்றம் என்னும் நிலை இருந்தது. பிறர் வேண்டி விரும்பும் பொருளைக் கூடுதலாகச் செய்தவன் குற்றவாளி!

பெங்களூரில் 1954இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ், ஐதராபாத்தில் 1967இல் இந்திய மின்னணுக் கழகம், கேரளத்தில் 1973இல் கெல்ட்ரான், தமிழ்நாட்டில் 1977இல் எல்காட் என வரிசையாக அரசு நிறுவனங்கள் எழுந்தன. ஐதராபாத் கழகத்தின் 'இ.சி.' தொலைக்காட்சியும் கெல்ட்ரான் தொலைக்காட்சியும் பல வீடுகளில் முதல் தொலைக்காட்சியாக இருந்தன. பிலானியில் உள்ள அரசு ஆய்வுக்கூடம் தொலைக்காட்சிப் பெட்டிக்கான தொழில்நுட்பத்தை உருவாக்கிச் சிறு தொழில் முனைவோருக்குக் கொடுத்தது. சென்னையில் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபின், சென்னையிலேயே உருவான டயனோரா, சாலிடேர் முதலிய பெயர்கள் தமிழர் வீட்டுக் கூடங்களில் இடம்பெற்றன.

இவை பெருமைக்குரியவை. ஆயினும் உண்மையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் தொலைபேசி இணைப்புக்குப் பெயர் பதிந்துவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. வீட்டில் வானொலி வைத்திருக்கவே அஞ்சலகத்தில் கட்டணம் செலுத்தி உரிமம் பெற வேண்டியிருந்தது. 1982ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியையொட்டி வண்ண ஒளிபரப்பு தொடங்கியபோது, 'உள்நாட்டுத் தயாரிப்பு' எனப்பட்ட வண்ணப் பெட்டிகளில் பல, வெளிநாட்டுக் கூறுகளை இறக்கித் தொகுத்தவையே. 1991 சூலையில் உரிம முறை பெருமளவு தளர்த்தப்பட்டு, வெளிநாட்டு நிறுவனங்கள் உள்ளே வந்தபின் அரசுத் தொலைக்காட்சிப் பெட்டிகள் சந்தையில் தாக்குப்பிடிக்கவில்லை.

இங்கே நிறுத்திவிட்டால் கட்டுரை எளிதாக முடிந்துவிடும். "பார்த்தீர்களா, அரசு செய்தால் குப்பை, தனியார் செய்தால் தங்கம்" என்று முழங்கும் தன்முனைப்புப் பேச்சாளர்களுக்கு இதுவே போதும். எனக்குப் போதவில்லை. ஏனெனில் அது பாதி உண்மை. பாதி உண்மையைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது முழுப் பொய்யைவிடத் தீங்கானது.

திறக்கக்கூடிய பெட்டி

அதே பாரத் எலக்ட்ரானிக்சில் ஒரு தமிழர் பொறியாளராகப் பணியாற்றினார். எசு. அரங்கராசன் என்றால் பலருக்குத் தெரியாது. எழுத்தாளர் சுஜாதா என்றால் பிரிக்பீல்ட்ஸ் புத்தகக் கடையில் நின்று படித்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. 1982இல் கேரளத்துப் பரவூர்த் தொகுதியில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்ட அவ்வியந்திரம், 2004ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் நாட்டின் அனைத்துத் தொகுதிகளுக்கும் சென்றது. அதனைச் செய்தவை பாரத் எலக்ட்ரானிக்சும் ஐதராபாத் கழகமும் ஆகிய இரண்டு அரசு நிறுவனங்களே. மின்சாரமே இல்லாத சிற்றூரிலும் மின்கலத்தால் அது இயங்கும்.

இன்னொன்று, 1984இல் தொடங்கப்பட்ட சி-டாட் என்னும் அரசு ஆய்வு மையம். மேல்நாட்டுத் தொலைபேசி இணைப்பகங்களுக்குக் குளிரூட்டிய அறை வேண்டும். இந்தியச் சிற்றூரில் ஏது குளிரூட்டி? வெயிலையும் தூசியையும் தாங்கும் சிறிய இணைப்பகத்தை அவர்கள் உருவாக்கினர். 1986இல் கருநாடகத்தின் கிட்டூரில் நிறுவினர். அத்தொழில்நுட்பத்தைப் பல நிறுவனங்களுக்கும் கொடுத்துச் செய்வித்தனர். சிற்றூர்களுக்குத் தொலைபேசி சென்றதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு.

அரசு செய்த தொலைக்காட்சி தோற்றது. அரசு செய்த இந்த இரண்டும் வென்றன. ஏன்? இங்கேதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். வாக்குப்பதிவு இயந்திரத்தையும் சிற்றூர் இணைப்பகத்தையும் உருவாக்கியவர்கள் "எத்தனை" என்னும் கேள்வியோடு தொடங்கவில்லை. "எங்கே, யார், எப்படிப் பயன்படுத்துவார்கள்?" என்னும் கேள்வியோடு தொடங்கினார்கள். எழுத்தறியாத வாக்காளர், மின்சாரமில்லாத வாக்குச்சாவடி, வெயில், தூசி ஆகிய அனைத்தும் முதலிலேயே வரைபடத்தில் இடம்பெற்றன. பொருள் அதற்கேற்பப் பிறந்தது.

திட்டமிட்ட பொருளியலுக்கு இன்னொரு நற்பண்பும் இருந்தது. புதுப்பொருள் எளிதில் கிடைக்காத நாட்டில் பழைய பொருளைப் பழுதுபார்த்தே ஆக வேண்டும். ஆகையால் சோவியத் வானொலியோ தொலைக்காட்சியோ வாங்கினால் அதனோடு மின்சுற்று வரைபடமும் வரும். மறைக்க எதுவும் இல்லை. திருப்புளியும் பற்றுக்கோலும் வைத்திருப்பவன் திறந்து பார்க்கலாம். 'ராடியோ' என்னும் சோவியத் திங்களிதழ், வீட்டிலேயே கணினி செய்யும் வரைபடங்களை 1983இலும் 1986இலும் வெளியிட்டது. அன்றைய யூகோசுலாவியாவில் 1983ஆம் ஆண்டின் இறுதியில், 'கலக்சியா' என்னும் கணினியின் முழு வரைபடத்தையும் ஓர் இதழ் வெளியிட, ஆயிரக்கணக்கானோர் தம் கையாலேயே அதனைப் பற்றவைத்துச் செய்தனர். கடையில் வாங்கிய கணினி ஒருவனுக்கு விளையாட்டைக் கொடுக்கலாம். தானே செய்த கணினி அவனைப் பொறியாளன் ஆக்கிவிடும்.

மூடிய பெட்டி

சரி, சந்தை மட்டும் குற்றமற்றதா?

1924ஆம் ஆண்டின் இறுதியில் செனீவாவில் உலகின் முன்னணி மின்விளக்கு நிறுவனங்கள் கூடி 'ஃபீபசு' என்னும் கூட்டணியை அமைத்தன. ஆசுராம், பிலிப்சு ஆகியவையும் அதில் அடக்கம். அவை கண்ட முடிவுகளில் ஒன்று, மின்விளக்கின் ஆயுளை 1,000 மணிநேரத்திற்குள் நிறுத்துவது! அதற்கு மேல் எரியும் விளக்கைச் செய்த உறுப்பு நிறுவனத்திற்குத் தண்டம் விதித்தார்கள். திட்டக்குழு எடையை எண்ணியதுபோல் வணிகர் கூட்டணி விற்பனையை எண்ணியது. இரண்டிலும் வீட்டில் விளக்கேற்றும் தாயை எண்ணியவர் எவருமில்லை.

இன்றைய கைப்பேசியைப் பாருங்கள். மின்கலம் ஒட்டப்பட்டிருக்கிறது. மூடியைத் திறக்கத் தனிக் கருவி வேண்டும். திறந்தால் உத்தரவாதம் போயிற்று. மின்சுற்று வரைபடமோ நிறுவனத்தின் கமுக்கம். இந்நிலை பொறுக்காமல்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பழுதுபார்க்கும் உரிமைக்கான சட்டத்தை ஏற்றது; பயனரே மின்கலத்தை மாற்றும் வகையில் கருவிகள் இருக்க வேண்டும் என்னும் விதியை 2027 முதல் நடைமுறைக்குக் கொண்டுவர 2023இலேயே சட்டம் செய்தது.

திறக்க முடியாத பெட்டி கெட்டுப்போனால் எங்கே போகும்? கிள்ளானில் வாழ்பவர்களுக்கு இதனை நான் சொல்ல வேண்டியதில்லை. உலகின் மின்னணுக் குப்பை, வேறு பெயரில் கள்ளத்தனமாகக் கொள்கலன்களில் வந்து கிள்ளான் துறைமுகத்தில் பிடிபட்ட செய்திகளை நாம் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறோம். ஈயமும் காட்மியமும் கலந்த அக்குப்பையைக் கண்ட இடத்தில் எரித்தால் அந்தப் புகை எந்தப் பிள்ளையின் மூக்கில் ஏறும்? நம் நாட்டுச் சட்டம் 2005 முதலே மின்னணுக் கழிவை அட்டவணைக் கழிவாக வகைப்படுத்தியிருக்கிறது. பெட்டிக்கு விழா எடுக்கும் நாம், பெட்டியின் சாவுக்கு என்ன ஏற்பாடு வைத்திருக்கிறோம்?

இன்னொரு கசப்பையும் சொல்லிவிடுகிறேன். 1971ஆம் ஆண்டின் தடையற்ற வாணிப வட்டாரச் சட்டத்திற்குப் பிறகு, சுங்கை வேயிலும் பிற இடங்களிலும் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. அங்கு வேலைக்குச் சென்றவர்களில் தோட்டப்புறத்திலிருந்து வந்த நம் பெண்களும் இருந்தனர். நுண்நோக்கியில் கண்பதித்து, மயிரிழை போன்ற கம்பிகளைப் பற்றவைத்த கைகள் நம் அக்காள்களுடையவை. ஆயினும் எத்தனை வீடுகளில் மின்தடை என்றால் என்ன, மின்தேக்கி என்றால் என்ன என்று பிள்ளைக்குச் சொல்லும் அறிவு வந்து சேர்ந்தது? பற்றவைப்பதற்கே அவர்களுக்குக் கூலி கொடுக்கப்பட்டது. எதைப் பற்றவைக்கிறோம் என்பதை யாரும் கற்பிக்கவில்லை. ஆக, அரசுத் திட்டமும் தனியார் சந்தையும் தாமாக அறிவைக் கொண்டுவந்து கொட்டா. அறிவைக் கொடுக்கும் பொறுப்பு பள்ளிக்கு உரியது. வேறு எவருக்கும் அதனை நாம் குத்தகைக்கு விட முடியாது.

நம் பள்ளியின் திட்டக்குழு

இப்போது வீட்டுக்கு வருவோம்.

2003ஆம் ஆண்டில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட வேண்டும் என்னும் கொள்கை வந்தபோது, மடிக்கணினிகளும் படவீழ்த்திகளும் பள்ளிகளுக்கு வந்து குவிந்தன. அக்கொள்கையைக் கைவிடுவதாக 2009இல் அமைச்சரவை முடிவு செய்தது. படவீழ்த்திகள் என்னவாயின? பின்னர் 2011இல் 1பெஸ்தாரிநெட் வந்தது. நாடு முழுவதும் 10,000 பள்ளிகளை இணையத்தாலும் மெய்நிகர்க் கற்றல் தளத்தாலும் இணைக்கும் மாபெருந்திட்டம் அது. அக்கற்றல் தளத்தின் பயன்பாடு மிகமிகக் குறைவு என்று தலைமைக் கணக்காய்வாளரின் 2013ஆம் ஆண்டறிக்கையே சொன்னது. 2019இல் அது முடிவுக்கு வந்தது.

நான் பணியாற்றிய ஒரு பள்ளியின் பொருள்வைப்பறையில், உறை பிரிக்காத கருவிகளைக் கண்டிருக்கிறேன். காரணம் கேட்டேன். "கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது? இருப்புப் பதிவேட்டில் இருக்கிறதே, போதும்" என்றார்கள். மாதக் கடைசியில் இலக்கை எட்டிய சோவியத் மேலாளரின் குரல் இதுதான்! பெட்டி பதிவேட்டில் இருக்கிறது. பிள்ளையின் கையில் இல்லை.

எவரையும் குறை சொல்வதற்காக இதனை எழுதவில்லை. அந்த ஆசிரியருக்கு அச்சத்தைக் கொடுத்தது அமைப்பு. கருவி தொலைந்தால் கேள்வி கேட்கும் அமைப்பு, கருவி பயன்படாமல் கிடந்தால் கேள்வி கேட்பதில்லை. ஆகையால் பூட்டி வைப்பவர் நல்லவராகிறார். பிள்ளைகளிடம் கொடுத்துப் பழுதாக்கியவர் குற்றவாளியாகிறார். உரிமத்திற்கு மேல் உற்பத்தி செய்தவனைக் குற்றவாளியாக்கிய அதே அறிவுடைமை!

சில மறுப்புகளுக்கு மறுமொழி

"ஐயா, ஏழைப் பிள்ளைகளுக்குக் கருவி வேண்டாமா?" என்று கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும். 2020இல் நோய்த்தொற்றுக் காலத்தில் கல்வியமைச்சு நடத்திய ஆய்வில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியுமே இல்லை என்று தெரியவந்தது. அதன்பின் 500 பள்ளிகளின் 150,000 மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கும் திட்டம் 2021ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. பசித்தவனுக்குச் சோறிடுவதை நான் மறுக்கவில்லை. சோற்றுப் பானைகளை எண்ணிவிட்டு, எவரும் உண்டார்களா என்று பாராமல் போவதைத்தான் மறுக்கிறேன்.

"தனியார் நிறுவனத்திடமே ஒப்படைத்துவிட்டால் திறமையாக நடக்காதா?" என்பார்கள் வேறு சிலர். நடக்காது. வாங்குபவர் ஒருவர், பயன்படுத்துபவர் வேறொருவர் என்றால், விற்பவர் அரசாயினும் தனியாராயினும் விளைவு ஒன்றே. பயன்படுத்தும் பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் அங்கே குரலில்லை. அமைதியாக வரிசையில் நிற்பவனுக்காக எவரும் தம்மைத் திருத்திக்கொள்வதில்லை என்று மேலே சொன்னேனே, அது இதற்கும் பொருந்தும்.

"நம் பிள்ளைகள் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள்; பெட்டியைத் திறந்தால் மின்சாரம் தாக்குமே!" என்னும் தாய்மாரின் அச்சம் நியாயமானது. பழைய குழாய்த் தொலைக்காட்சியையும் நுண்ணலை அடுப்பையும் எவரும் தொடக் கூடாது. அவை மின்னிணைப்பைப் பிடுங்கிய பின்னும் ஆளைத் தாக்கும். வீங்கிய மின்கலம் உள்ள கைப்பேசியும் அப்படியே, அது தீப்பற்றும். ஆயினும் மின்கலத்தில் ஓடும் கைவிளக்கும், சிறு வானொலியும், பழைய விசைப்பலகையும், நின்றுபோன சுவர்க் கடிகாரமும் என்ன செய்யும்? மின்கலத்தைக் கழற்றிவிட்டு, ஆசிரியர் பார்வையில் திறந்தால் அவற்றால் தீங்கில்லை. தொடர் மின்சுற்றும் இணை மின்சுற்றும் நம் அறிவியல் பாடத்திலேயே உள்ளன. படத்தில் கோடாகப் பார்த்ததைப் பொருளில் கம்பியாகப் பார்க்கட்டுமே!

செய்ய வேண்டியவை

குறைகூறி முடிப்பது எளிது. ஆகவே கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள எந்தத் தமிழ்ப்பள்ளியும் பெரிய செலவின்றித் தொடங்கக்கூடிய நான்கினை முன்வைக்கிறேன்.

1. பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டத்தில், "எத்தனை கருவிகள் உள்ளன?" என்னும் கேள்வியோடு நிறுத்தாதீர்கள். "சென்ற மாதம் ஒவ்வொரு வகுப்பும் எத்தனை மணிநேரம் பயன்படுத்தியது?" என்று கேளுங்கள். ஒரு பக்கப் பதிவுத்தாள் போதும். பள்ளியைக் குற்றம் சாட்டும் குரலில் கேளாதீர்கள். ஆசிரியருக்குத் துணைநிற்கும் குரலில் கேளுங்கள்.

2. நன்கொடையாளர் கருவி தர முன்வந்தால் மூன்று செய்திகளை எழுத்தில் பெறுங்கள். பழுதானால் யார் பார்ப்பது? மின்கலமும் உதிரிக் கூறும் எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும்? ஆயுள் முடிந்ததும் யார் எடுத்துச் சென்று முறையாக அழிப்பது? இம்மூன்றுக்கும் விடையில்லாத நன்கொடை, நாளைய குப்பையை இன்றே நம் வாயிலில் இறக்குவதாகும்.

3. பிள்ளைகள் பயன்படுத்தும்போது இயல்பாகப் பழுதான கருவிக்கு ஆசிரியரைப் பொறுப்பாக்காத ஒரு முறையைத் தலைமையாசிரியரும் பள்ளி வாரியமும் பேசி வகுக்க வேண்டும். பழுதுநீக்கத்திற்கென ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையை ஒதுக்குங்கள். கருவி வாங்கப் பத்தாயிரம் ரிங்கிட் திரட்டும் சங்கம், அதைப் பேண ஐந்நூறு ரிங்கிட் ஒதுக்கத் தயங்குவது என்ன கணக்கு?

4. மாதத்திற்கு ஒரு சனிக்கிழமை 'திறந்து பார்ப்போம்' மன்றம் நடத்துங்கள். பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் வானொலி, மின்விசிறி பழுதுபார்த்துப் பிழைத்த நம் பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். மின்னணுத் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வுபெற்ற அம்மாக்கள் இருக்கிறார்கள். அவர்களைச் சிறப்பு விருந்தினராக அழையுங்கள். மாலைக்குப் பதிலாகத் திருப்புளியைக் கொடுங்கள். அவர்கள் கையில் இருக்கும் அறிவு எந்தப் பாடநூலிலும் அச்சாகவில்லை. அவர்களோடு அது போய்விடக் கூடாது.

தமிழில் கலைச்சொல் இல்லையே என்று தயங்கவும் வேண்டா. மின்தடை, மின்தேக்கி, மின்மாற்றி, மின்சுற்று, திரிதடையம் என நம் மொழி ஆயத்தமாகவே இருக்கிறது. சொல்லைப் பயன்படுத்தும் கைதான் வேண்டும். பத்து வயதுப் பிள்ளை ஒன்று தானே சீர்செய்த வானொலியில் தமிழ்ச் செய்தி கேட்குமானால், அங்கே மொழியும் அறிவியலும் தன்னம்பிக்கையும் ஒருசேர வளரும். ஆயிரம் தட்டைக் கணினிகளைப் பூட்டி வைத்தாலும் அது நடவாது.

ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளை இந்நாட்டில் நம் முன்னோர் பாலாட்டாத குழந்தைபோல் பாடுபட்டுக் காத்தார்கள். மரத்தடியிலும் கொட்டகையிலும் தொடங்கியவை அவை. அவர்களிடம் எண்ணிக் காட்டப் பெட்டிகள் இல்லை, பிள்ளைகள் இருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் என்ன கற்றது என்பதே அவர்களின் கணக்கு. அக்கணக்கை நாம் மீண்டும் கையிலெடுப்போம். அடுத்த முறை மேடையில் எவரேனும் எண்ணிக்கை சொன்னால், கைதட்டுமுன் பணிவோடு எழுந்து ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: "ஐயா, இதைத் திறந்து பார்க்க எங்கள் பிள்ளைகளுக்கு உரிமை உண்டா?"

சிந்திப்போம்! செயல்படுவோம்!

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியன்